யாழ்ப்பாணத்தில் முதல் கோடை: வெயிலுக்கும் பின்னேர இடிமழைக்கும் ஆயத்தமாவது எப்படி

தை, மாசியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்குபவர்களுக்கு ஊர் மிகவும் பிடித்துப்போகும். வாடைக் காற்று வீசும், விடியற்காலையில் போர்வை தேவைப்படும், கிணற்றில் தண்ணீர் மேலேயே நிற்கும். அந்த நேரத்தில் வீடு பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டுப் பங்குனியில்தான் விழிப்பார்கள். மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், வங்கிக்காரர், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். குளிர்ந்த மலைநாட்டு ஹற்றனில் வளர்ந்த எனக்கு வெயில் ஒரு பக்கம். ஒரு சித்திரைப் பின்னேரம் மின்னலில் குளிர்சாதனப் பெட்டியும் இன்னும் சில சாமான்களும் போனபின், இழப்பீட்டுக்காகக் கடிதம் கடிதமாக அலைந்தது மறுபக்கம். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு தாள் கேட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் காலத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

இங்கே கோடை ஒரே மாதிரியாக நீளாது. மார்ச், ஏப்ரல் இரண்டும் இடைப்பருவம். காற்று ஓய்ந்துவிடும், புழுக்கம் கூடும், பின்னேரங்களில் இடி மின்னல் வரலாம். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாள்களில் இலங்கைக்கு மேலாகச் சூரியன் நேர் உச்சியில் வடக்கு நோக்கி நகரும். யாழ்ப்பாணம் வட முனையில் இருப்பதால் நமக்கு அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். மத்தியானம் 12 மணி 10 நிமிடம் அளவில் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பார்த்தால் நிழல் அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பஞ்சாங்கத்து அக்கினி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். அதற்கிடையில் சோழகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் இடிமழை குறையும், தூசி கூடும், வியர்வை கொஞ்சம் காயும். சோழகம் பிந்தினால் அந்த வைகாசி மோசம்தான். ஜூன், ஜூலையில் குடாநாட்டில் மழையே அரிது. ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் மறுபடி பின்னேர இடி வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆயத்த வேலைகள் எல்லாவற்றையும் பெப்ரவரிக்குள் முடியுங்கள். மார்ச் நடுவில் மின் வேலை செய்பவரைக் கூப்பிட்டால் "புதுவருசம் முடிய வாறன்" என்பார்.

2. முன்னறிவிப்பை வாசிக்கப் பழகுங்கள்

கைபேசியோடு வரும் வானிலைச் செயலியில் தினமும் இடி மேகப் படமும் 40 வீதமும் இருக்கும். அதை நம்பிக் குடை எடுப்பவரும் ஏமாறுவார், எடுக்காதவரும் ஏமாறுவார். கணினி கணித்த அந்த எண் நிலப்படத்தில் பெரிய சதுரம் ஒன்றுக்கானது. இடிமழையோ சுன்னாகத்தில் கொட்டும்போது கோண்டாவிலில் வெயில் எறிக்கும் வகை.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையைப் பாருங்கள். காலையில் ஒன்று வரும், பிறகு பகலில் புதுப்பிப்பார்கள். காலை அறிக்கையோடு நின்றுவிடாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை பார்ப்பதுதான் பயன். வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

"சில இடங்களில்", "பல இடங்களில்" என்பவை அலங்காரத்துக்குப் போட்ட சொற்கள் இல்லை. "பல" என்றால் உடுப்புக் காயப்போடாதீர்கள். "சில" என்றால் காயப்போட்டுவிட்டு வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.

"வட மாகாணத்தில்" என்று எழுதியிருந்தால் அதற்குள் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் உண்டு. பின்னேர இடி பெரும்பாலும் பெருநிலத்தில், வன்னிப் பக்கத்தில்தான் முதலில் திரளும். மாகாணத்தின் பெயரைக் கண்டவுடன் யாழ்ப்பாணம் நனையும் என்று முடிவெடுக்க வேண்டாம்.

"தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசக்கூடும்" என்ற வரி ஏறக்குறைய எல்லா இடிமழை அறிக்கையிலும் வரும். வழக்கமான வரிதானே என்று தாண்டிப் போகாதீர்கள். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்கு முந்தியே வந்து தகரத்தைத் தூக்கும், வாழையை முறிக்கும்.

மின்னல் பற்றிய எச்சரிக்கை தனியாக வரும், பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு, அன்றிரவு வரைக்கும் செல்லுபடியாகும். வெப்பச் சுட்டெண் அறிவித்தலும் தனி. அது மறுநாளுக்கானது, முதல்நாள் பின்னேரமே வந்துவிடும். இதில் புதியவர்கள் குழம்புவது ஒரு விடயத்தில்: வெப்பச் சுட்டெண் என்பது வெப்பமானி காட்டும் அளவு கிடையாது. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து உடம்புக்கு எப்படித் தெரியும் என்று கணித்தது. யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடலும் கடலேரியும் இருப்பதால் வெப்பமானி 33, 34 காட்டும்போதே உடம்பு அதைவிடப் பல பாகை கூடுதலாக உணரும். வெளிவேலை இருப்பவர்கள் வெப்பநிலையை விட்டுவிட்டு, அறிவித்தலில் இந்தச் சுட்டெண்ணுக்குக் கொடுத்திருக்கும் நிறத்தையே பார்க்கலாம்.

மூன்று மாதப் பருவகால முன்னோக்கையும் திணைக்களம் வெளியிடும். "இயல்பைவிட அதிகம்", "இயல்பு", "இயல்பைவிடக் குறைவு" என்ற மூன்று பெட்டிக்கும் இத்தனை வீதம் என்று இருக்கும். ஒன்றும் தெரியாத நிலையிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் ஏறக்குறைய 33 வீதம் உண்டு. ஆகவே "அதிகம் – 45 வீதம்" என்றால் லேசான சாய்வு, அவ்வளவுதான். அதோடு ஜூனில் நமக்கு இயல்பான மழையே சொற்பம். ஒரு நல்ல இடிமழை பெய்தாலே மாதம் "இயல்பைவிட அதிகம்" ஆகிவிடும். தோட்டக்காரர் அதை வைத்து நீரிறைப்பைக் குறைக்க முடியாது. வெப்பநிலை முன்னோக்கு, குறிப்பாக இரவு வெப்பநிலை பற்றியது, இதைவிட உதவும். இரவு இறங்காவிட்டால் மின்விசிறிச் செலவும் தூக்கமின்மையும் நிச்சயம்.

இன்னொரு வழி: இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடார். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் யாழ்ப்பாணம் அதன் வீச்சுக்குள் வரும். படம் இலவசம். படத்தில் நேரம் சர்வதேச நேரத்தில் போட்டிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். இதைக் கவனிக்காமல் காலைப் படத்தைப் பின்னேரப் படமாக நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. மூன்று, நான்கு படங்களை வரிசையாகப் பார்த்து மேகக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டால் போதும்.

3. வீடு பார்ப்பதென்றால் பின்னேரம் மூன்று மணிக்குப் போங்கள்

காலையில் எல்லா வீடும் குளிர்ச்சிதான். மூன்று மணிக்குப் போய், படுக்கப்போகும் அறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சுட்டால் இரவு பதினொரு மணி வரைக்கும் அந்தச் சுவர் சூட்டை விட்டுக்கொண்டேயிருக்கும். கொங்கிறீற்றுக் கூரைக்கு நேர்கீழே உள்ள மாடி அறைகளும் அப்படியே. வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பழைய ஓட்டு வீடு, முன்விறாந்தை, வேப்பமரம் மூன்றும் அமைந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மின்கட்டணத்தில் திரும்பி வரும்.

கிணற்றைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அயலவரிடம் கேளுங்கள். "ஆடியில் தண்ணி உவராகுமோ?" என்ற ஒரு கேள்வி போதும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். மின்னலில் வயரிங் பழுதானால் யார் செலவு என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி மின்பட்டியலின் பிரதி ஒன்றையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி பின்னால் மூன்று இடங்களில் தேவைப்படும்.

4. எர்த், டிரிப் சுவிட்ச்: பெப்ரவரி வேலை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

வலிகாமத்தில் செம்மண் ஆழம் அதிகமில்லை, அடியில் சுண்ணாம்புக்கல். எர்த் கம்பியை (மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் கம்பியை) அடிக்கும்போது கல் தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கம்பி ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு, அதில் பச்சை வயர் துருப்பிடித்த கவ்வியில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த எர்த் பேருக்குத்தான். கோடையில் மண் காய்ந்துவிட்டால் மின்சாரம் நிலத்துக்குள் இறங்குவது இன்னும் கடினம். மாரியில் சரியாக இருந்த எர்த் சித்திரையில் வேலை செய்யாது, இடி வருவதும் சித்திரையில்தான்.

தகுதியுள்ள மின் வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து, எர்த் தடையை மீற்றர் வைத்து அளந்து எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பல்ப் பத்துது, எர்த் இருக்கு" என்பது பரிசோதனை ஆகாது. கல் நிலமென்றால் வேறிடத்தில், குளியலறைத் தண்ணீர் ஓடும் ஈரமான பக்கத்தில், இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைக்கலாம். மின் ஒழுக்கு வந்தால் தானாக விழும் டிரிப் சுவிட்ச்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும், மாதம் ஒருமுறை அமத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஆனால் டிரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாற்றத்தான். மின்னலால் கம்பி வழியே திடீரென ஏறி வரும் மின்னேற்றத்தை அது தடுக்காது. அதற்குப் பிரதான பலகையில் பூட்டும் சேர்ஜ் அரெஸ்டர் தனி. அதுவும் எர்த் நல்லதாக இருந்தால்தான் வேலை செய்யும். கடையில் இந்த வரிசையைத் திருப்பிச் சொல்லி அரெஸ்டரை மட்டும் விற்றுவிடுவார்கள்.

செலவு? கம்பி, கவ்வி, வயர், ஒருநாள் கூலி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலைக்குப் பக்கத்திலும் வராது. இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தப் பற்றுச்சீட்டு 8ஆவது படியில் உதவும்.

5. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்து வையுங்கள்

75 வாற்று மின்விசிறி ஒன்று இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22, 23 அலகு. 12,000 பி.டி.யு. ஏசி எட்டு மணித்தியாலம் ஓடினால், இடையிடையே நின்று நின்று ஓடியும், நாளுக்கு ஐந்து அலகு அளவில் வரும். மாதத்துக்கு அதுவே 150. வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறும். 60ஐத் தாண்டினால் மலிவான முதல் படிகள் கிடைக்காது, நிலையான கட்டணமும் கூடும். ஆகவே ஏசி பூட்டும் வீட்டில் பட்டியல் இரட்டிப்பதோடு நிற்காது. விலைப் பட்டியல் அடிக்கடி திருத்தப்படுவதால் ரூபாய்க் கணக்கை அந்த மாதத்துப் படியை வைத்துப் போடுங்கள்.

வாடகைக்கு மேல்மாடியும் கீழ்வீடும் ஒரே மீற்றரில் இருந்தால் உப மீற்றர் கேளுங்கள். இல்லாவிட்டால் மேலே இருப்பவரின் ஏசி உங்களையும் மேல் படிக்கு இழுத்துவிடும்.

6. கிராம சேவகரிடம் பதியுங்கள்

வந்த மாதத்திலேயே. தேசிய அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், மின்பட்டியல் பிரதி, வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். அலுவலக நாள்கள் கதவில் எழுதியிருக்கும். பெயர் பதிவில் இல்லாதவருக்குச் சேதம் வந்தபின் கடிதம் எடுப்பது பெரும்பாடு. "நீங்கள் இங்கே இருப்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

7. அன்றாடம்: வெயிலும் இடியும்

வெயில் வேலைகளை காலை பத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தைப் பின்னேரம் நான்குக்குப் பிறகு வையுங்கள். பிரதேச செயலகம், வங்கி எல்லாம் காலையிலேயே. மத்தியானம் சைக்கிளில் கண்டி வீதியால் போவது வீரம் இல்லை. மோர், தேசிக்காய்த் தண்ணீர், இளநீர், காலத்தில் நுங்கு என்று ஊர் முழுக்க மருந்து கிடைக்கிறது. வீட்டில் ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) இரண்டு, மூன்று இருக்கட்டும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும். கோப்பைக்குக் கோப்பை கிள்ளிப் போடக் கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பு, தண்ணீர் அளவை வைத்தியரிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.

ஒருவர் வெயிலில் நின்று பேச்சுக் குழறினால், இடம் பொருள் தெரியாமல் நின்றால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். நினைவு தப்பியவர் வாயில் சோடா ஊற்ற யாராவது ஓடிவருவார்கள், தடுத்துவிடுங்கள்.

இடிக்கு வருவோம். காற்று திடீரென நின்று, புழுக்கம் கூடி, தெற்கே மேகம் பூக்கோவா மாதிரிக் குவிந்து எழும்பினால் அறிக்கை தேவையில்லை. மின்னல் கண்டு சத்தம் கேட்கும் வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வெளியே வராதீர்கள். மழை விட்டதும் மாங்காய் பொறுக்க ஓடும் பிள்ளைகளைப் பிடித்து வைக்க வேண்டிய நேரம் அதுதான்.

தனிப்பனைக்குக் கீழே ஒதுங்காதீர்கள். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டிலும் பஸ் தரிப்பிடமும் மழைக்கு மட்டும்தான் மறைவு. ஓட்டோவும் அப்படி. கண்ணாடி ஏற்றிய கார், பஸ் பரவாயில்லை. கிணற்றடியில் குளிப்பு வேண்டாம், இரும்புச் சங்கிலியில் தண்ணீர் அள்ளவும் வேண்டாம், நீரிறைக்கும் மோட்டரை முதலே நிறுத்துங்கள். தொலைக்காட்சி, ரவுட்டர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பிளக்கை இடி வருமுன் கழற்றுங்கள். அன்ரெனா வயரையும் டெலிபோன் வயரையும் சேர்த்துத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு அன்ரெனாவை விட்ட தொலைக்காட்சிகள்தான் திருத்தும் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. இடி தலைக்கு மேல் வந்தபின் பிளக்கைத் தொடாதீர்கள், போனால் போகட்டும்.

மின்தடைக்கு 1987. அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அதே இலக்கம். அனர்த்தங்களுக்கு 117.

8. சேதம் வந்தால்: தாள்கள், வரிசை, நேரம்

முதல் நாளே செய்ய வேண்டியது படம் எடுப்பது. கருகிய பிளக், மீற்றர் பலகை, வெடித்த சுவர் எல்லாவற்றையும் எடுங்கள். பழுதான சாமானைத் திருத்தக் கொடுத்துவிடாதீர்கள், காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

காப்புறுதி இருந்தால் முதலில் தொலைபேசியில் அறிவித்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அறிவிக்க வேண்டிய காலக்கெடு ஒப்பந்தத்தில் இருக்கும். பலர் எல்லாத் தாளும் சேர்ந்தபின் அறிவிக்கலாம் என்று காத்திருந்து கெடுவைத் தவற விடுகிறார்கள். அடுத்து ஒரு பெரிய பொறி: வீட்டுக் காப்புறுதியில் "தீ, மின்னல்" என்று இருப்பதைக் கண்டு நிம்மதியாக இருப்போம். மின்னல் வீட்டில் நேரே விழுந்து சுவரோ கூரையோ சேதமானால் அது சரி. எங்கோ விழுந்து கம்பி வழியாக மின்னேற்றம் வந்து சாமான் கருகினால், மின்சாதனச் சேதத்துக்கான பிரிவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் எடுக்கும்போதே அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சாமான் வாங்கிய கடையின் உத்தரவாத அட்டையிலும் பொதுவாக மின்னல் சேதம் விலக்கப்பட்டிருக்கும்.

சேர்க்க வேண்டியவை: சாமான் வாங்கிய பற்றுச்சீட்டு, திருத்துபவரின் காரணம் எழுதிய அறிக்கை ("போட் போயிற்று" என்றால் போதாது, மின்னேற்றத்தால் என்று வர வேண்டும்), கிராம சேவகரின் கடிதம், கேட்டால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, எர்த் வேலை செய்த பற்றுச்சீட்டு, மின்பட்டியல் பிரதி, அடையாள அட்டைப் பிரதி. எல்லாவற்றிலும் திகதியும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். வீதிப் பெயர் ஒன்றில் ஒழுங்கை என்றும் மற்றதில் லேன் என்றும் இருந்ததற்கே எனது கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது.

சில நிறுவனங்கள் அன்று இடி மின்னல் இருந்தது என்பதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை கேட்கும். எழுத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்திப் பெறலாம். திகதி, நேரம், இடம் மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இங்கேதான் எனக்கு அதிகம் இழுபட்டது. அவதான நிலையம் இருப்பது திருநெல்வேலியில். உங்கள் வீடு சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இருந்தால், அங்கே இடித்த இடி நிலையத்துப் பதிவில் இல்லாமலும் போகலாம், மழை "இல்லை" என்றும் வரலாம். அதனால் அந்த அறிக்கையை மட்டும் நம்பியிராமல், அதே பின்னேரம் பாதிக்கப்பட்ட அயல்வீட்டுக்காரர் இரண்டு பேரின் கடிதத்தையும், கிராம சேவகர் கடிதத்தில் நேரம் குறித்த ஒரு வரியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அன்று மாலை எடுத்த ராடார் படத்தைக் கைபேசியில் சேமித்து வைத்திருந்தால் அதையும் அச்சடித்து இணைக்கலாம்.

காப்புறுதி இல்லாதவர்கள், கூரை, சுவர் சேதமென்றால் கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரண அலுவலரிடம் போங்கள். அது நிவாரணம். போன குளிர்சாதனப் பெட்டிக்கு அங்கே பணம் எதிர்பார்க்க வேண்டாம். எந்த அலுவலகத்திலும் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள், கொடுத்த பிரதிக்குத் திகதி முத்திரை வாங்குங்கள்.

9. ஆவணியில் மறுபடி

ஓகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கே திரும்பிப் போகும்போது இன்னொருமுறை நமக்கு நேர் மேலே வரும். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருவதால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம் அகப்படுவது இப்போதுதான். கோயில் வீதியில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். தண்ணீர் தெளித்த பக்கமாகப் போங்கள், சிறுபிள்ளைகளை மத்தியானப் பூசைக்குக் கூட்டிப்போவதை விட்டு மாலைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள். பின்னேரம் இடிக்கத் தொடங்கினால் தற்காலிகக் கொட்டகை, விளக்குக் கம்பம், பந்தல் இரும்பு இவற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். எர்த் கம்பிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, டிரிப் சுவிட்ச் பொத்தானையும் இந்த மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள்.